விமான சிம் மக்கர் பண்ணினால் டிக்கெட் எழுதுவது எப்படி

போன வருஷம் ஒரு ராத்திரி, தண்டையார்பேட்டை வீட்டு மாடி அறையில் ஃபேன் சத்தத்தோடு போட்டி போட்டுக்கொண்டு சிபியு கத்திக்கொண்டிருக்க, கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் சிமுலேட்டர் கேமில், சுருக்கமாக சிம்மில், கோயம்புத்தூரில் கிளம்பி ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓட்டி வந்து மீனம்பாக்கத்தில் இறங்க நாலு மைல் பாக்கி இருக்கும்போது திரை உறைந்தது. அப்புறம் டெஸ்க்டாப். ஒரு செய்தி இல்லை, மன்னிப்பு இல்லை. அந்தச் சூட்டிலேயே கேம் கம்பெனியின் சப்போர்ட்டுக்கு டிக்கெட், அதாவது ஆன்லைன் புகார், போட்டேன்: "உங்கள் கேம் குப்பை, எப்போதும் க்ராஷ் ஆகிறது, சரி செய்யுங்கள்." மூன்று நாள் கழித்து "கிராஃபிக்ஸ் டிரைவரை அப்டேட் செய்யவும்" என்று பதில் வந்தது. நான் இன்னும் ஏழு வரி திட்டினேன். ஒரு வாரத்தில் "தீர்க்கப்பட்டது" என்று டிக்கெட்டை மூடிவிட்டார்கள். தீர்ந்தது என்னவோ என் பொறுமைதான்.

எந்த சிம் என்று சொல்லப் போவதில்லை, வீட்டுக்கு வீடு வாசப்படி. அன்றைக்கு அவர்கள் செய்தது சரி என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த டிக்கெட்டை இப்போது எடுத்துப் படித்தால், என்னிடமே அது வந்திருந்தாலும் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. அதற்கப்புறம் எழுதும் விதத்தை மாற்றினேன், சில பக்குகள் (கேமில் இருக்கும் கோளாறுகள்) நிஜமாகவே சரியாயின. எப்படி மாற்றினேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் காசு, அப்புறம் கோபம்

புது கேம் வாங்கி அது ஓடவில்லை என்றால் டிக்கெட் எழுத உட்காராதீர்கள், முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் வாங்கியிருந்தால் வாங்கிய 14 நாளுக்குள், ஓட்டிய நேரம் 2 மணிக்குள் இருந்தால், காரணம் எதுவானாலும் பணம் திரும்பக் கேட்கலாம். சப்போர்ட் ஆள் "பார்க்கிறோம், காத்திருங்கள்" என்று சொல்லும் நாட்களும் அந்த 14-இல் சேரும் என்பதை மறந்துவிடுகிறோம். நல்லவனாகக் காத்திருந்து கெடு தாண்டிவிட்டால் அவர்கள் பாடு நிம்மதி.

2 மணி விஷயத்தில் விமான சிம்மில் ஒரு தனி வில்லங்கம் உண்டு. 2020 ஆகஸ்ட் 18-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் வந்தபோது ஸ்டீம் இறக்கியது ஒரு சின்னத் தொடக்கியை மட்டும்தான். மீதி மூட்டை முழுக்க கேமுக்கு உள்ளேயே இறங்கியது. கேம் திறந்திருப்பதால் ஸ்டீம் அதையும் ஓட்டிய நேரமாகவே எண்ணியது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 40 எம்பிபிஎஸ் லைன் ஒரு நொடி கூடக் குறையாமல் ஓடினாலும் 2 மணி நேரத்தில் இறங்குவது 36 ஜிபிதான். ஓடுபாதையைக் கண்ணால் பார்ப்பதற்குள் ரீஃபண்ட் நேரம் முடிந்திருக்கும். அதனால் எந்த சிம்மாக இருந்தாலும் டவுன்லோடு உள்ளே நடக்கிறதா வெளியே நடக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். உள்ளே என்றால் தாண்டிய பிறகும் கேளுங்கள், டவுன்லோடில் போன நேரம் என்று ஒரு வரியில் எழுதுங்கள். விதிக்கு வெளியே இருக்கும் கோரிக்கையையும் பார்ப்போம் என்று ஸ்டீமே தன் கொள்கையில் சொல்லியிருக்கிறது.

முன்கூட்டியே காசு கட்டினவர்கள் வெளியீட்டுக்கு முன் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். ஆனால் "மூன்று நாள் முன்னாடியே ஓட்டலாம்" என்று விலை கூட்டி விற்கிறார்களே, அந்த மூன்று நாளில் ஓட்டிய நேரமும் 2 மணியில் சேரும். 2024 ஏப்ரலில் ஸ்டீம் விதியை அப்படி மாற்றிவிட்டது. தனியாக வாங்கும் விமானம், சீனரி (ஊர், விமான நிலையக் காட்சிகள்) போன்றவற்றுக்கு, அதை வாங்கிய பிறகு மூல கேமை 2 மணிக்குள் ஓட்டியிருக்க வேண்டும்.

வாங்காமலே ஓட்டிப் பார்க்கும் வழிகளும் இருக்கின்றன. எக்ஸ்-பிளேன் என்ற சிம்முக்கு இலவச டெமோ உண்டு. போர் விமான சிம்மான டிசிஎஸ் வேர்ல்டின் அடிப்படை கேமே இலவசம், அதில் விற்கும் விமானங்களை 14 நாள் சோதித்துப் பார்க்கும் வசதியும் தருகிறார்கள். ஃப்ளைட்கியர் முழுக்க முழுக்க இலவசம், மூலநிரலே திறந்து கிடக்கிறது. உங்கள் கம்ப்யூட்டர் தாங்குமா என்று பார்க்க இது போதும்.

நம்ம தப்பா, அவங்க தப்பா

இங்கே கொஞ்சம் நேர்மை வேண்டும். கேரம் ஆடுபவன் காயின் விழவில்லை என்றால் ஸ்ட்ரைக்கரைத் திட்டுவான், பவுடரைத் திட்டுவான், போர்டைத் திட்டுவான். சிம்மிலும் அதே கதைதான்.

எங்கள் தெருப் பையன் ஒருவன், பிளஸ் டூ படிக்கிறான், புதுசாக ஜாய்ஸ்டிக் வாங்கி செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தை ஓட்ட ஆரம்பித்தான். ரெண்டாவது நாளே மாடி ஏறி வந்தான்.

"அண்ணா, ரன்வேல வேகம் புடிச்சாலே வண்டி லெஃப்ட்ல இழுக்குதுண்ணா. பக்கு. ரிப்போர்ட் அடிக்கலாமா?"

"ரைட் ரட்டர் மிதிச்சியாடா?"

"ரட்டர்னா?"

ரட்டர் என்பது மூக்கை இடம் வலம் திருப்ப வாலில் இருக்கும் பலகை, காலால் மிதித்து இயக்குவது. அவன் சொன்னது பக் இல்லை, இயற்பியல். ஒற்றை எஞ்சின் விமானத்தில் விசிறி சுற்றும் திசையாலும், அது பின்னால் தள்ளும் சுழல்காற்று வாலில் மோதுவதாலும் மூக்கு இடப்பக்கம் போகும். நிஜ பைலட்டும் வலது காலை அழுத்தித்தான் நேராக ஓட்டுகிறார். சிம் அதைச் சரியாகச் செய்கிறது என்பதற்காகத் திட்டு வாங்குவது பாவம் இல்லையா.

இதே வகையில் இன்னொன்று, மழைக்காலத்தில் லைவ் வெதர் (அன்றைய நிஜ வானிலை) போட்டு ஓட்டுபவர்களுக்கு. ஓடுபாதையில் நிற்கும்போதே உயரம் 350 அடி காட்டுகிறது, சென்னை விமான நிலையமோ கடல்மட்டத்துக்கு மேலே 52 அடிதான், எனவே சிம் தப்பு என்பார்கள். வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் நிற்கும் நாளில் அழுத்தம் 1003 ஹெக்டோபாஸ்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் உங்கள் ஆல்டிமீட்டர் பழைய 1013-லேயே இருக்கிறது. ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 30 அடி. பத்துக்கு 300 அடி. குமிழைத் திருப்பி 1003-இல் வைத்தால் கணக்கு நேராகிவிடும்.

விமானம் தானாக ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே இருந்தால், ஜாய்ஸ்டிக் தவிர வேறு ஏதாவது கன்ட்ரோலர் யுஎஸ்பியில் சொருகியிருக்கிறதா பாருங்கள். இரண்டு கருவிகள் ஒரே அச்சுக்குப் பிடித்திருக்கும், ஒன்று சோபாவுக்கு அடியில் கிடந்து வேலை செய்துகொண்டிருக்கும்.

இதெல்லாம் இல்லை என்றால் அடுத்த சந்தேகம் ஆட்-ஆன்கள், அதாவது கேமோடு நாம் தனியாகச் சேர்ப்பவை. ஃப்ளைட் சிமுலேட்டரில் கம்யூனிட்டி ஃபோல்டர் என்று ஒன்று இருக்கும், இலவசமாக இறக்கிய லிவரி (விமானத்தின் வெளிப்பூச்சு), சீனரி எல்லாம் அதில்தான் குவிந்து கிடக்கும். அதை அழிக்க வேண்டாம், பெயரை மட்டும் மாற்றுங்கள், அதே இடத்தில் காலி ஃபோல்டர் ஒன்று வையுங்கள். எக்ஸ்-பிளேனில் பிளக்-இன்களை வெளியே எடுங்கள். இப்போது க்ராஷ் நின்றுவிட்டால் குற்றவாளி உள்ளே இருக்கிறான். பாதிப் பாதியாகத் திரும்பப் போட்டுப் பாருங்கள். நாற்பது ஆட்-ஆன் இருந்தால் இருபது, அப்புறம் பத்து, அப்புறம் ஐந்து. ஆறு தடவைக்குள் ஆள் சிக்கிவிடுவான். ஒவ்வொன்றாக எடுத்தால் விடிந்துவிடும்.

பெரிய அப்டேட்டுக்குப் பிறகு தரை மங்கலாகத் தெரிகிறது, கட்டடம் பாதியில் நிற்கிறது என்றால் ரோலிங் கேஷை (இறக்கிய நிலத் தரவை கேம் சேமித்து வைக்கும் கோப்பு) அழித்துப் புதிதாக உருவாக்குங்கள். ஸ்டீமில் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதியை ஒரு முறை ஓட்டுங்கள். அப்டேட் ஓடும்போது கரண்ட் போகும் ஏரியாவில் இருந்தால் யுபிஎஸ் பேட்டரியையும் பாருங்கள், பாதியில் எழுதப்பட்ட கோப்பை எந்த டெவலப்பரும் கடல் தாண்டி வந்து சரி செய்ய முடியாது.

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நின்றுபோனால் கதை வேறு. 2024 நவம்பர் 19-ஆம் தேதி ஃப்ளைட் சிமுலேட்டர் 2024 வந்த அன்று உலகம் முழுக்கப் பலருக்கு லோடிங் 97 சதவீதத்தில் நின்றது. விமானங்களையே சர்வரிலிருந்து ஸ்ட்ரீம் செய்யும் கேம் அது, சர்வர் தாங்கவில்லை. இரண்டு லட்சம் பயனர்கள் வருவதுபோல் வைத்துச் சோதித்திருந்தோம், ஆனாலும் தரவு வழங்கும் பகுதி திணறிவிட்டது என்று அதை உருவாக்கியவர்களே வீடியோவில் வந்து சொன்னார்கள். அந்த மாதிரி நாளில் அழித்துவிட்டுத் திரும்ப இன்ஸ்டால் செய்வது, தண்ணி வராத நாளில் வீட்டுக் குழாயைக் கழற்றி மாட்டுவது மாதிரி. கேமை மூடிவிட்டுப் படுங்கள். மாதம் 3300 ஜிபி என்று வரம்பு வைத்திருக்கும் ஃபைபர் பிளான்கூட, கோபத்தில் நாலு முறை ரீஇன்ஸ்டால் அடித்தால் வலிக்கத்தான் செய்யும்.

கம்பத்து எண்ணைச் சொல்லு

தெருவிளக்கு எரியவில்லை என்று போன் அடித்து "எங்க தெருல ஒரே இருட்டு சார்" என்றால் ஆள் வந்து தேடவேண்டும். கம்பத்து எண்ணைச் சொன்னால் ஏணியை நேராக அந்தக் கம்பத்தில் சாய்ப்பான். பக் ரிப்போர்ட் என்பது கம்பத்து எண்தான். சென்னையையே வாழ்க்கையில் பார்த்திராத ஒருத்தர், வேறு கண்டத்தில் உட்கார்ந்து, ஐந்து நிமிஷத்தில் அதே கோளாறைத் தன் திரையில் வரவழைக்க முடிய வேண்டும். வரவழைக்க முடியாததை அவர் சரி செய்ய மாட்டார், அது சோம்பல் இல்லை, சரியாகிவிட்டதா என்று பார்க்கவே அவருக்கு வழியில்லை.

என் சொந்த உதாரணம். சென்னையின் இரண்டாவது ஓடுபாதை, 12/30 (ஒரு முனையிலிருந்து 12, மறுமுனையிலிருந்து 30), அடையாற்றைப் பாலத்தின் மேலே கடந்து போகிறது. நான் ஓட்டும் சிம்மில் அந்தப் பாலம் வரும் இடத்தில் ஆற்றின் பள்ளத்தோடு தரையும் இறங்கி, ஓடுபாதையில் ஒரு படி மாதிரி விழுந்திருந்தது. வேகமாக வரும் விமானம் அதில் தூக்கிப் போட்டு உடையும். நான் முதலில் எழுதியது "சென்னை ரன்வே சரியில்லை" என்று. பதில்: "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது." அவர்கள் பார்த்தது பெரிய ஓடுபாதையான 07/25-ஐ. அது நிஜமாகவே சரியாகத்தான் இருந்தது! இரண்டாவது முறை இப்படி எழுதினேன்:

தலைப்பு: விஓஎம்எம் (சென்னை விமான நிலையத்தின் குறியீடு), ஓடுபாதை 30: ஆற்றுப் பாலத்தில் தரை படிபோல் இறங்குகிறது.
பதிப்பு: மெனுவில் கீழே காட்டும் முழு எண், கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இருப்பது உட்பட.
விமானம்: கேமோடு வந்த செஸ்னா 172. ஆட்-ஆன் எதுவும் இல்லை, ஃபோல்டர் காலி.
வானிலை: தெளிவான வானம், முன்னமைவு. நேரம்: பகல் 12.
செய்தது: ஓடுபாதை 30-இன் தொடக்கத்தில் நிறுத்தினேன். முழு த்ராட்டிலில் (எஞ்சின் விசை முழுக்கக் கொடுத்து), பறக்காமல் தரையிலேயே ஓட்டினேன்.
எதிர்பார்த்தது: பாலத்தின் மேல் சமமாக ஓடும். நிஜத்தில் அங்கே ஓடுபாதை பாலத்தின் மேல் இருக்கிறது, ஆறு அதன் அடியில் போகிறது.
நடந்தது: சக்கரம் கீழே விழுந்து விமானம் உடைந்தது. ஐந்து முறை ஓட்டினேன், ஐந்து முறையும்.
இணைப்பு: 20 நொடி வீடியோ, இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை தெரியும் ஸ்கிரீன்ஷாட்.

இரண்டு நாளில் "மீண்டும் உருவாக்க முடிந்தது" என்று பதில் வந்தது. சப்போர்ட்காரர்களிடமிருந்து கேட்கக்கூடிய இனிமையான வாக்கியம் அதுதான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திருப்பம் எங்கே என்றால், "நிஜத்தில் அங்கே பாலம் இருக்கிறது" என்ற வரியில். நமக்கு அது ஊரறிந்த விஷயம். அவர்களுக்கு ஆறு ஓடும் இடத்தில் பள்ளம் இருப்பதுதான் நியாயமாகத் தெரியும். நம் ஊரைப் பற்றிய எந்த ரிப்போர்ட்டிலும் நமக்குத் தெரிந்தது அவர்களுக்கும் தெரியும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

மேலே நான் தமிழில் காட்டினாலும் அனுப்பும்போது இங்கிலீஷில்தான் அனுப்ப வேண்டியிருக்கும். பெரிய இங்கிலீஷ் வேண்டாம். மேலே இருப்பதைப் பாருங்கள், எல்லாம் குட்டி வாக்கியங்கள்தான். இலக்கணம் தப்பினாலும் எண்கள் தப்பக் கூடாது. அப்புறம் "எப்போதும்", "ஒருபோதும்", "எல்லாருக்கும்" ஆகிய மூன்று சொற்களையும் வெட்டிவிடுங்கள், அந்த இடத்தில் "ஐந்தில் மூன்று முறை" என்று போடுங்கள். ஒரு டிக்கெட்டில் ஒரு கோளாறுதான். பாலம், ஃபிரேம் குறைவு (படம் திக்குவது), ஏடிசி (விமானக் கட்டுப்பாட்டு அறை) குரல் என்று மூன்றையும் ஒன்றாகக் கட்டி அனுப்பினால், எது சுலபமோ அதற்குப் பதில் சொல்லி மற்ற இரண்டையும் சேர்த்து மூடுவார்கள்.

க்ராஷ் என்றால் லாக் (கேம் தான் செய்ததை எழுதிவைக்கும் பதிவுக் கோப்பு) இல்லாமல் எழுதவே எழுதாதீர்கள். எக்ஸ்-பிளேனில் லாக் டெக்ஸ்ட் என்ற கோப்பு கேம் ஃபோல்டரிலேயே இருக்கும், ஆனால் கேமைத் திரும்பத் திறந்த அடுத்த நொடி பழையது அழிந்து புதுசு எழுதப்படும். க்ராஷ் ஆனதும் கை துறுதுறுக்கும், திறக்காதீர்கள், முதலில் கோப்பைக் காப்பி எடுங்கள். நான் இரண்டு முறை இதில் கோட்டை விட்டிருக்கிறேன். டிசிஎஸ்-இல் லாக்கோடு டிராக் கோப்பும் கேட்பார்கள், நீங்கள் ஓட்டியதை அப்படியே திரும்ப ஓட்டிக் காட்டும் பதிவு அது. இரண்டு மணி நேர டிராக்கை அனுப்பினால் யாரும் உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள், கோளாறு மட்டும் வரும் மாதிரி குட்டியாக ஒன்று செய்யுங்கள்.

கேம் தன் லாக்கில் எதுவும் எழுதாமல் செத்தால் விண்டோஸ் எழுதியிருக்கும். ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதில் அப்ளிகேஷன், க்ராஷ் ஆன அதே நிமிஷத்தில் சிவப்பு அடையாளத்தோடு ஒரு வரி. அதில் "ஃபால்ட்டிங் மாட்யூல்" என்று ஒரு கோப்பின் பெயரும் "எக்செப்ஷன் கோட்" என்று ஓர் எண்ணும் இருக்கும். எண் சி0000005 என்று முடிந்தால், தனக்கு உரிமையில்லாத நினைவகத்தை எதுவோ தொட்டிருக்கிறது என்று பொருள். கோப்பின் பெயர் என்வி என்று தொடங்கினால் பெரும்பாலும் என்விடியா டிரைவர் பக்கம், ஆட்-ஆனின் பெயரே இருந்தால் சொல்லவே வேண்டாம். அப்புறம் விண்டோஸிலேயே இருக்கும் டிஎக்ஸ்டயாக் கருவியை ஓட்டி, அது தரும் டெக்ஸ்ட் கோப்பையும் சேர்த்து அனுப்பினால், "உங்கள் கம்ப்யூட்டர் விவரம் என்ன" என்ற கேள்விக்கும் அதன் பதிலுக்கும் போகும் நான்கு நாள் மிச்சம்.

அனுப்பிய பிறகு

முதல் பதில் அச்சடித்த பதிலாகத்தான் வரும். அதை எழுதியவர் புரோகிராமர் இல்லை, ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் வரும் டிக்கெட்டில் எதை உள்ளே அனுப்புவது என்று பிரிப்பவர். அவரைத் திட்டி ஒரு பயனும் இல்லை, வாசலில் நிற்பவரைத் தள்ளினால் உள்ளே போக முடியுமா? டிரைவர் அப்டேட் செய், கோப்பைச் சரிபார், ஆட்-ஆனை எடு என்ற மூன்றையும் அவர் எப்படியும் கேட்பார் என்று தெரியும், அதனால் முதல் டிக்கெட்டிலேயே "இந்த மூன்றும் செய்தாயிற்று, இந்தத் தேதியில், டிரைவர் எண் இது" என்று எழுதிவிடுங்கள்.

நேர வித்தியாசத்தையும் கணக்கில் எடுங்கள். ஃப்ளைட் சிமுலேட்டரைச் செய்யும் அசோபோ ஸ்டுடியோ பிரான்ஸின் போர்டோ நகரத்தில் இருக்கிறது, நம்மை விட அவர்கள் கடிகாரம் குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்னால். எக்ஸ்-பிளேனின் லாமினார் ரிசர்ச் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில். நமக்கு ராத்திரி சாப்பாட்டு நேரம் அவர்களுக்குக் காலை. சனிக்கிழமை போட்ட டிக்கெட்டுக்கு ஞாயிறு பதில் இல்லை என்று கொதிப்பதில் அர்த்தமில்லை.

டிக்கெட் மூடப்பட்டால் புதுசு திறக்காமல் பழையதிலேயே பதில் போடுங்கள். புதுசு திறந்தால் வரிசையில் கடைசிக்குப் போய் முதலிலிருந்து ஆரம்பிப்பீர்கள். ஒவ்வொரு பேட்ச் (கோளாறு திருத்தும் அப்டேட்) வந்த பிறகும் ஒரு முறை சோதித்து "இந்தப் பதிப்பிலும் இருக்கிறது" என்று ஒரே வரி. இரண்டு மாதத்துக்கு ஒரு வரி என்றால் அவர்களுக்கும் எரிச்சல் வராது, உங்களுக்கும் கை வலிக்காது.

ரிவ்யூ எழுதுவது உங்கள் உரிமை, தாராளமாக எழுதுங்கள், காசு கொடுத்தவர் நீங்கள். ஆனால் பதிப்பு எண்ணைப் போட்டு எழுதுங்கள், சரியானால் திருத்துங்கள். அடுத்த ஆள் படித்து வாங்கப் போகிறான்.

எல்லாக் குறையையும் டெவலப்பரிடம் கொண்டு போகவும் வேண்டாம். 2020-இல் ஃப்ளைட் சிமுலேட்டருக்குள், ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் சாதாரண வீடுகள் உள்ள ஏரியாவில் 212 மாடிக் கோபுரம் ஒன்று ஊசி மாதிரி வானத்தில் நின்றது. சிம் தப்பு என்று எல்லாரும் சிரித்தார்கள். தேடிப் பார்த்தால், சிம் தரவு எடுத்த ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் யாரோ 2 என்று அடிக்க வேண்டிய இடத்தில் 212 என்று அடித்திருந்தார்கள். அந்த வரைபடம் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடியது. நம் பக்கம் ஒரு கட்டடத்தின் மாடிக் கணக்கோ சாலையோ தப்பாக இருந்தால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள், தப்பு அங்கேயே இருந்தால் நீங்களே திருத்துங்கள். சிம் அந்தத் தரவை மறுபடி எடுக்கும்போதுதான் தெரியும், உடனே வராது. எக்ஸ்-பிளேனில் இன்னும் வசதி, விமான நிலையங்களைப் பயனர்களே வேர்ல்ட்எடிட்டர் என்ற இலவசக் கருவியில் வரைந்து சீனரி கேட்வேயில் ஏற்றலாம். புகார் எழுதும் நேரத்தில் டாக்சிவேயையே (விமானம் ஓடுபாதைக்குப் போகும் வழி) வரைந்துவிடலாம்.

காசு கொடுத்து வாங்கிய ஆட்-ஆனில் கோளாறு என்றால் அதைச் செய்தவரிடம்தான் போக வேண்டும், மூல கேம் கம்பெனிக்கு எழுதினால் உங்களைத் திருப்பி அனுப்புவார்கள். இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. டிசிஎஸ்-க்கு எஃப்-15இ போர் விமானம் செய்து கொடுத்த ராஸ்பாம் நிறுவனத்துக்கும் டிசிஎஸ்-ஐ உருவாக்கும் ஈகிள் டைனமிக்ஸுக்கும் பணம் சம்பந்தமான தகராறு என்று 2024-இல் வெளியே வந்தது, வேலையை நிறுத்திவிட்டோம் என்று ராஸ்பாம் தரப்பு சொன்னது. யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும், நடுவில் மாட்டியவர் காசு கொடுத்து வாங்கியவர். முற்றுப்பெறாத நிலையில் விற்கும் எதையும் "இன்றைக்கு இருக்கும் நிலையிலேயே இதற்கு இந்த விலை தகுமா" என்று கேட்டு வாங்குங்கள், வாக்குறுதிக்குக் காசு கொடுக்காதீர்கள். டவ்டெயில் கேம்ஸின் ஃப்ளைட் சிம் வேர்ல்ட் 2017-இல் ஏர்லி ஆக்சஸில் (முடியும் முன்பே விற்பது) வந்து 2018-இலேயே கைவிடப்பட்டது. மைக்ரோசாஃப்டே 2009 ஜனவரியில் தன் ஏசஸ் ஸ்டுடியோவை மூடியிருக்கிறது. ஆனால் அந்த ஸ்டுடியோ 2006-இல் விட்ட எஃப்எஸ்எக்ஸை (ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ்) இன்னமும் ஓட்டுகிறார்கள், வட்டாகக் கைக்குள் இருந்ததால். வாங்கும் ஆட்-ஆனின் இன்ஸ்டாலர், சீரியல் எண், ரசீது மூன்றையும் ஒரு பென் டிரைவில் போட்டு வையுங்கள்.

ஜாய்ஸ்டிக் தகராறு

இது சாஃப்ட்வேர் இல்லை, ஆனால் பாதிப் புகார் இதில்தான் முடியும். கடலோரம் இருப்பவர்களுக்கு இது இன்னும் அதிகம், காசிமேட்டுப் பக்கம் நண்பன் வீட்டில் உப்புக்காத்தில் யுஎஸ்பி முனையே பச்சை பூத்து நின்றது. ரன் பெட்டியில் ஜாய் டாட் சிபிஎல் என்று அடித்தால் விண்டோஸின் சோதனைத் திரை வரும். கையை எடுத்த பிறகும் அங்கே கூட்டல் குறி நடுங்கிக்கொண்டிருந்தால் சிம்மைக் குறை சொல்லாதீர்கள், அதை வீடியோ எடுங்கள். அதுதான் விற்றவரிடம் காட்ட வேண்டிய ஆதாரம்.

ஆன்லைனில் வாங்கியது என்றால் நம் கையில் சட்டம் இருக்கிறது. 2020-இன் மின்வணிக விதிகளின்படி குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தட்டிக் கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எனக்கு ஒரு த்ராட்டில் கருவியை மாற்றித் தராமல் ஆறு வாரம் இழுத்தார்கள், 1915-இல் பதிவு செய்து அந்த எண்ணை மெயிலில் போட்ட பிறகு நாலாவது நாள் கூரியர்காரர் கீழே நின்று பெல் அடித்தார். இதை ஏன் முதலிலேயே செய்யவில்லை என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

பாலம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். ஏழு மாதம் கழித்து ஒரு பேட்ச் குறிப்பில் கடைசிக்கு மூன்று வரி மேலே ஒரே வரியில் இருந்தது. அன்று ராத்திரி ஓடுபாதை 30-இல் நிறுத்தி, முழு த்ராட்டிலில் அதே செஸ்னாவை விட்டேன். சக்கரம் குதிக்கவில்லை. டிக்கெட்டில் "சரியாகிவிட்டது, நன்றி" என்று எழுதினேன், அதையும் எழுத வேண்டும், அடுத்த டிக்கெட்டை அதே ஆள் பார்க்க வாய்ப்பு உண்டு. அப்புறம் வலப்பக்கம் திரும்பி, துறைமுகம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கரையோரமாகவே வடக்கே போனேன். எண்ணூர் தாண்டி, வடசென்னை அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி நிற்க வேண்டிய இடத்தில், பால்கனி வைத்து, மொட்டை மாடி வைத்து, அழகாக ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு நின்றது. கேமை நிறுத்திவைத்து ஸ்கிரீன்ஷாட் எடுத்தாயிற்று. அட்சரேகை தீர்க்கரேகையும் குறித்தாயிற்று.